சின்ன கேம்கார்டர்: சார்ஜ் ஏறவில்லை, சர்வீஸ் சென்டரும் கைவிரிக்கிறது. என்ன செய்யலாம்?

வில்லுவீட்டுப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது குழுவை நடத்திப் பாடுகிறவர். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் பாடுகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முத்துப்பட்டன் கதை ஏட்டிலும் இருக்கிறது, அச்சிலும் இருக்கிறது. ஆனால் அவர் பாடுவது அப்படியே ஏட்டில் இருப்பது கிடையாது. ஊருக்குத் தகுந்த மாதிரி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குத் தகுந்த மாதிரி அங்கங்கே கட்டிச் சேர்ப்பார். குடம் அடிக்கிற மாமா அதற்கேற்ப இழுத்துக் கொடுப்பார். குழுவில் இப்போது இருக்கும் இளம் பிள்ளைகளுக்கு அது இன்னும் கைவரவில்லை. அதனால்தான் கொடை கொடையாகக் கூடவே போய், தொடக்கம் முதல் வாழி பாடும் வரை பதிவு செய்துகொண்டு வருகிறேன்.

போனில் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்துப் பார்த்தாயிற்று. நடுவில் அழைப்பு வரும், சூடாகும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு இடம் போதாது. அது போக, ராத்திரி வேன்காரருக்குப் பேசவும் அந்த ஒரு போன்தான். அதனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கேம்கார்டர் ஆன்லைனில் வாங்கினேன். வீடியோ, ஃபோட்டோ, வெப்கேம், வாய்ஸ் ரெக்கார்டர், எம்பி3, இரவுப் பார்வை என எல்லாம் அதில் உண்டு. பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பேட்டரி மேல் என்பி-40 என்று இருக்கிறது. சார்ஜ் ஏற்ற மினி யூஎஸ்பி. 32 ஜிபி எஸ்டி கார்டு போட்டிருக்கிறேன். ஒரு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை.

இப்போது பிரச்சினை:

சார்ஜர் வயரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. வயரை மேல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் எரிகிறது, கையை விட்டால் அணைகிறது. வேறு வயர் மாற்றிப் பார்த்தேன், அதேதான். பேட்டரி மூடியும் முன்பு போல மூடவில்லை, அழுத்தித்தான் தள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். போன ஆடிக் கொடையில் நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடைக்குப் பாடிக்கொண்டிருந்தபோது கேமரா தானாக அணைந்துவிட்டது. அதற்கு முந்தைய கோப்புகள் எல்லாம் ஓடுகின்றன. கடைசிக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. அளவு இரண்டு ஜிபிக்கு மேல் காட்டுகிறது, ஆனால் எந்த பிளேயரும் வாங்கமாட்டேன் என்கிறது. கதையில் முத்துப்பட்டனும் பொம்மக்காவும் சந்திக்கிற இடம் அதில்தான் இருக்கிறது.

வாரண்டி அட்டையில் உள்ள எண் மணி அடித்து நின்றுவிடுகிறது. மெயில் போட்டதற்கு, "இந்த மாடலுக்கு உதிரிபாகம் இல்லை, புதிய மாடல் வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்" என்று ஒரு வரி பதில். விற்ற தளத்தில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். பிராண்டு பெயரை நான் இங்கே எழுதவில்லை. யாரையும் திட்ட வரவில்லை, காரியம் ஆனால் போதும்.

கோப்பை மீட்க வழி உண்டா? கேமராவை உள்ளூரில் பிரித்துப் பார்க்கக் கொடுக்கலாமா? அடுத்த கொடைக்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும்.

---

கல்யாணவீடியோ:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கார்டை உடனே கேமராவிலிருந்து வெளியே எடுங்கள். கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன தள்ளுப்பொத்தான் இருக்கும், அதைக் கீழே தள்ளி லாக் போடுங்கள். அதில் இனி ஒரு ஃபோட்டோகூட எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் போட்டதும் "கார்டில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்கிறேன் என்று அந்தக் கோப்பை வெட்டி எறிந்துவிடும்.

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். டேப் காலத்திலிருந்து இதுதான் தொழில். உங்கள் விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஃபிளிப் கேமரா ஞாபகம் வந்தது. ஒரே சிவப்பு பட்டன், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. 2009இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை 59 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 ஏப்ரலில் மூடிவிட்டது. இரண்டே வருஷம்! கோடக்கும் Zi8 போன்ற சின்ன வீடியோ கேமராக்களை நன்றாகத்தான் செய்தார்கள். 2012இல் திவால் மனு போட்ட கையோடு டிஜிட்டல் கேமரா வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய பேருக்கே இந்த நிலைமை. பேர் தெரியாத இறக்குமதிச் சரக்கு வாங்கும்போது, சர்வீஸ் சென்டர் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கணும்.

கோப்பை மீட்பது பற்றி பழுதுநீக்கி ஐயா வந்து சொல்வார். அவருக்கு அது கைவந்த வேலை.

---

பழுதுநீக்கி:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மூன்று கோளாறும் தனித்தனி இல்லை, ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை. நான் சென்னை ரிச்சி தெருவில் கேமரா, ஹேண்டிகேம் பழுது பார்த்தவன். இப்போது கடை இல்லை, வீட்டில் இருந்தபடி தெரிந்தவர்களுக்குப் பார்த்துத் தருகிறேன். கேட்டதை வரிசையாகச் சொல்லாமல், அவசரமானதிலிருந்து வருகிறேன்.

பேட்டரி. அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். மூடி இறுக்கமாகிறது என்றால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி மேல் படுக்கையாக வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். நல்ல பேட்டரி சுற்றாது, தேய்ந்து நின்றுவிடும். உப்பினது பம்பரமாகச் சுற்றும். சுற்றினால் அதை இனிமேல் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, சமையலறையிலோ மெத்தைக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. ஒரு மண்சட்டியிலோ தகர டப்பாவிலோ தனியாக வையுங்கள். குப்பையில் போடாதீர்கள்.

வயரைத் தூக்கிப் பிடித்தால் எரிகிறது என்றீர்களே, அது சாக்கெட். மினி யூஎஸ்பி சாக்கெட் போர்டில் உட்காரும் விதம் இரண்டு. நல்ல செட்டில் அதன் உலோகக் கூட்டுக்கு நாலு கால் இருக்கும், அந்தக் கால்கள் போர்டின் துளை வழியாக இறங்கி மறுபக்கம் ஈயம் பிடித்திருக்கும். மலிவான செட்டில் கால்கள் துளைக்குள் போகாது, போர்டின் மேல்தளத்தில் சும்மா ஒட்டியிருக்கும். வயரைச் செருகி உருவும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூட்டின் ஒரு ஓரம் முடி அளவுக்கு எழும்பி நிற்பது தெரியும். நீங்கள் வயரைத் தூக்கும்போது அந்த ஓரம் அமுங்குகிறது, உள்ளே இருக்கும் ஐந்து பின்னில் விட்டுப்போன பின் தொடுகிறது, விளக்கு எரிகிறது. தயவுசெய்து அப்படிப் பிடித்துப் பிடித்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஈயம் விட்டால் மறுபடி வைத்துவிடலாம். அடியில் இருக்கும் செம்புத் தடம் உரிந்து வந்துவிட்டால் வேலை மூன்று மடங்கு.

இந்தத் தொடுப்பு விட்டுவிட்டு வருவதால் பேட்டரி முழுதாக ஏறாமலே நின்றிருக்கும். கூடவே அது கெட்டும் வந்திருக்கிறது. சாமக்கொடை நேரத்தில் அது படுத்துவிட்டது. கேமரா கோப்பை ஒழுங்காக மூடுவதற்குக்கூட கரண்ட் இல்லை. கடைசிக் கோப்பு கெட்டதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்தச் சாக்கெட் உங்களுக்குத் தேவையே இல்லை. அது செய்யும் வேலை என்ன? சார்ஜ் ஏற்றுவது, கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்புவது, வெப்கேமாக ஓடுவது. சார்ஜை வெளியே ஏற்றலாம், என்பி-40க்குத் தனி சார்ஜர் கிடைக்கிறது. படத்தைக் கார்டு ரீடரில் எடுக்கலாம். வெப்கேம் ஒன்றுதான் போகும், கொடையில் அது எதற்கு? இரண்டு பேட்டரி, ஒரு வெளிச் சார்ஜர் வாங்கினால் அடுத்த கொடையை இதே கேமராவில் எடுத்துவிடலாம்.

ஆனால் பேட்டரி வாங்கும்போது பேரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கேசியோவும் என்பி-40 என்று போடுகிறான், ஃபியூஜியும் என்பி-40 என்று போடுகிறான். இரண்டும் வேறு வேறு. ஃபியூஜிக்காரனுடையது சின்னது, கொள்ளளவும் ஏறக்குறைய பாதிதான். உங்களைப் போன்ற கேமராவில் பெரும்பாலும் வருவது கேசியோ அளவு. பழையதை ஸ்கேலால் அளந்து, பின்கள் எந்த ஓரத்தில் இருக்கின்றன என்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். மேல் உறையில் ஐஎஸ் 16046 என்றும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணயப் பதிவு கட்டாயம். அது இல்லாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிரிக்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்தால் அதையே காரணம் காட்டிக் கழற்றிவிடுவார்கள். அவர்கள் செய்து தரமாட்டோம் என்று முடிவாகச் சொன்ன பிறகு பிரிக்கலாம். அது ஈயப்பற்று வேலைதான். செல்போன் போர்டு வேலை தெரிந்த எந்தப் பையனும் செய்வான்.

கோப்புக்கு வருகிறேன். அது எம்பி4ஆ, ஏவிஐயா? அதைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

---

வில்லுவீட்டுப்பெண்:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அண்ணாச்சி, கார்டை எடுத்து லாக் போட்டுவிட்டேன்.

பேட்டரியை ஜன்னல் கண்ணாடித் துண்டில் வைத்துச் சுற்றினேன். சுற்றுகிறது. பெரியம்மாவிடம் கேட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பா வாங்கி, திண்ணைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

கோப்பு எம்பி4. முந்தைய கோப்புகள் எல்லாம் ஏறக்குறைய நாலு ஜிபியில் தானாக முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கின்றன. கடைசி மட்டும் இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் மேல்.

பெட்டியின் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் பெயரும் டெல்லி முகவரியும் இருக்கின்றன. அது வாரண்டி அட்டையில் உள்ள பெயர் இல்லை. அவர்களையும் கேட்கலாமா?

---

பழுதுநீக்கி:

எம்பி4 என்றால் வழி இருக்கிறது.

முதலில் ஏன் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமரா ஓடும்போது படத்தையும் ஒலியையும் கார்டில் வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகும். எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எந்த ஒலி எந்தப் படத்தோடு போகிறது என்ற அட்டவணையை, நீங்கள் ஸ்டாப் அமுக்கின பிறகுதான் எழுதும். அந்த அட்டவணைக்கு மூவ் என்று பேர். திடீரென்று கரண்ட் போனால் சரக்கு இருக்கும், அட்டவணை இருக்காது. இரண்டு ஜிபி அளவு காட்டுகிறதே, அது பெரியப்பா பாடினதுதான். உள்ளே பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

செய்ய வேண்டியது: கார்டை முழுசாக ஒரு இமேஜ் கோப்பாக, அதாவது அச்சு அசல் நகலாக, கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். இனி எதைச் செய்தாலும் நகலில்தான், மூலக் கார்டைத் தொடக் கூடாது. அப்புறம் அன்ட்ரங்க் (untrunc) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு இரண்டு கோப்பு கொடுக்க வேண்டும். ஒன்று கெட்டது, இன்னொன்று அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு. நல்லதைப் பார்த்துக் கெட்டதற்கு அட்டவணை கட்டிக் கொடுக்கும். உங்களிடம் அன்றைக்கே எடுத்த நல்ல கோப்புகள் இருக்கின்றன, இதைவிட வேறென்ன வேண்டும். ரெசல்யூஷனை நடுவில் மாற்றியிருக்கக் கூடாது, அது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு ஜிபியில் தானாக வெட்டுகிறதே, அதுவும் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. 32 ஜிபி வரையிலான கார்டு ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு நாலு ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 15 மெகாபிட் என்று வைத்தால் நாலு ஜிபி சுமார் 38 நிமிடம். அதனால் எது போனாலும் கடைசித் துண்டுதான் போகும். ராத்திரி முழுக்க ஒரே கோப்பாக ஓடியிருந்தால் எல்லாமே தொங்கலில் நின்றிருக்கும்.

கொடை ராத்திரி கதை மாறும் இடத்தில், டீ குடிக்க நிறுத்தும் நேரத்தில், நீங்களே ஒரு தடவை ஸ்டாப் அமுக்கி மறுபடி ஓடவிடுங்கள். திரையில் பேட்டரி ஒரே கட்டைக்கு இறங்கினால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, பெட்டியில் 4கே என்று போட்டிருக்கிறது என்றீர்கள். தினத்தாளின் சின்ன எழுத்து விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, ஒரே தூரத்தில் 1080லும் 4கேயிலும் எடுத்துப் பாருங்கள். 4கேயில் எழுத்து ஒரு துளிகூடத் தெளிவாகவில்லை என்றால் அது இழுத்துப் பெரிதாக்கின படம். கார்டை நிரப்பும், பேட்டரியைத் தின்னும், வேறு பயன் இல்லை. 1080லேயே வைத்துவிடுங்கள்.

---

லேபிளைப்பார்:

இறக்குமதியாளர் ஸ்டிக்கர் பற்றிக் கேட்டீர்களே, கண்டிப்பாக அவர்களைத்தான் கேட்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, வெளிநாட்டுப் பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு விவரம், எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் இருந்தே ஆக வேண்டும். பலர் பெட்டியை முதல் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் வைத்திருப்பது பெரிய விஷயம். அந்த ஸ்டிக்கரைத் தெளிவாக ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்ற தளம் "கம்பெனியைக் கேளுங்கள்" என்று சொல்லி ஒதுங்க முடியாது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தின் அடியில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். சாட்டில் பேசுகிற பணியாளரிடம் சொன்னதைப் புகார் என்று எண்ண வேண்டாம். அதிகாரிக்கு மெயில் போடுங்கள், ஆர்டர் எண், தேதி, கோளாறு, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். "இந்த மாடலுக்கு உதிரிபாகம் இல்லை" என்று வந்த அந்த ஒரு வரி மெயிலையும் இணையுங்கள். வாரண்டி கொடுத்துவிட்டு, அந்தக் காலத்துக்குள்ளேயே செய்ய முடியாது என்று அவர்களே எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட நல்ல சான்று உங்களுக்கு வேண்டாம்.

கூடவே 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், கம்பெனிக்கு அவர்களே அனுப்புவார்கள். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. ஆனாலும் போன் எடுக்காத பல கம்பெனிகள் அந்த எண்ணைப் பார்த்ததும் பதில் போடுகின்றன என்பது நான் கண்டது.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே போடலாம். டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். 2025லிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

புதிய மாடலுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழுது நீக்கு, இல்லை மாற்றிக் கொடு, இல்லை பணத்தைக் கொடு. இந்த மூன்றையும் மட்டும் கேளுங்கள்.

---

ஆடிப்பெருக்கு:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். நானும் எங்கள் ஊர்க் கூத்து எடுக்க ஒரு சின்ன கேமரா தேடிக்கொண்டிருக்கிறேன். இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதை வாங்குவது?

---

கல்யாணவீடியோ:

தம்பி, பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள். கேமரா கம்பெனி போனாலும் பேட்டரி கிடைத்தால் பத்து வருஷம் ஓட்டலாம். என்னிடம் அந்த கோடக் Zi8 இன்னும் ஓடுகிறது. 2009இல் வந்த மாடல். அதன் பேட்டரியும் ஃபியூஜி என்பி-50யும் ஒன்றுதான், அதனால் கோடக் போன பிறகும் எனக்குத் தட்டுப்பாடு வரவில்லை. வெளி மைக் செருக வழியும் உண்டு. அந்த விலைக்கு அப்போது அது அபூர்வம்.

இப்போது வாங்குவதானால் சோனி சிஎக்ஸ்405ஐ செகண்ட்ஹேண்டில் பார்க்கலாம். அதன் என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி சோனியின் ஆர்எக்ஸ்100 ஃபோட்டோ கேமராக்களிலும் போகிறது, நாடெங்கும் கிடைக்கும். வெளி மைக் மட்டும் போட முடியாது. கூத்துக்கு ஒலிதான் முக்கியம் என்றால் ஜூம் கம்பெனியின் க்யூ2என்-4கே கேமரா. அது பாட்டுக்காரர்களுக்கென்றே செய்தது, நல்ல ஸ்டீரியோ மைக் உள்ளேயே இருக்கிறது, சாதாரண ஏஏ பென்சில் செல் இரண்டில் ஓடும். பெட்டிக்கடையில் கிடைக்கிற செல்! சர்வீஸ் சென்டரே வேண்டாம்.

ஃபோட்டோ கேமராவில் வீடியோ எடுக்கலாம் என்று போகாதீர்கள். பல மாடல் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் எடுத்தால் வீடியோ கேமரா என்று கணக்குப் பண்ணி வரி போட்டார்கள், அதைத் தவிர்க்க வைத்த வெட்டு அது. நம் கூத்துக்காரர் அரை மணிக்குத் தொடக்கத்தில் வரும் கட்டியங்காரனையே முடிக்கமாட்டார்.

---

பழுதுநீக்கி:

பென்சில் செல் விஷயத்தில் அண்ணாச்சியோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. வீடியோ கேமராவை பென்சில் செல் ராத்திரி முழுக்க இழுக்காது. ரீசார்ஜ் செல் நாலு செட் வைத்துக்கொண்டால் சரி, அல்லது பவர்பேங்கிலிருந்து யூஎஸ்பியில் ஓட்டலாம். அப்படி ஓட்டுவதானால் வயரை முக்காலியின் காலில் டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். யாராவது தடுக்கினால் இழுபடுவது டேப்பாக இருக்கட்டும், சாக்கெட்டாக இருக்கக் கூடாது.

எந்தக் கேமரா வாங்கினாலும் கூட வாங்குகிற கார்டை முதலில் சோதியுங்கள். 64 ஜிபி என்று போட்டு உள்ளே 8 ஜிபி இருக்கும் போலிக் கார்டு நிறையச் சுற்றுகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசச் சோதனையை ஒரு தடவை முழுதாக ஓடவிட்டால் வண்டவாளம் வெளியே வரும். கேமரா கெட்டது என்று என்னிடம் வந்த எத்தனையோ பேருக்குக் கார்டைத்தான் மாற்றிக் கொடுத்தேன்.

---

வில்லுவீட்டுப்பெண்:

எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று ஓடி வந்தேன். கோப்பு திறந்துவிட்டது!

கம்ப்யூட்டர் படித்த என் தம்பி உட்கார்ந்து செய்தான். கார்டு இமேஜ் எடுக்கவே நேரம் பிடித்தது. அன்ட்ரங்கில் முதலில் போன வருடக் கோப்பு ஒன்றைக் கொடுத்தான், ஒலி இல்லாமல் படம் மட்டும் வந்தது. ஐயா சொன்னது போல அன்றைய ராத்திரியிலேயே அதற்கு முந்தைய கோப்பைக் கொடுத்ததும் இரண்டும் வந்துவிட்டன. இடையிடையே படம் கட்டம் கட்டமாக உடைகிறது, கடைசி ஒன்றிரண்டு விநாடி இல்லை. பாட்டு ஓரிடத்திலும் அறுபடவில்லை. பெரியப்பா முழுக்கக் கேட்டார். பட்டனைப் பற்றி ஒரு அடியை நிறுத்தச் சொல்லி, "இது எங்க அண்ணாவி சொல்லித் தந்தது, இந்தப் பயலுவளுக்கு இதை எழுதிக் கொடு" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளிச் சார்ஜரும் கேசியோ அளவு பேட்டரி இரண்டும் வாங்கியாயிற்று. நாளிதழ்ச் சோதனையும் செய்தேன், 4கேயில் எழுத்து கொஞ்சமும் தெளிவாகவில்லை. 1080க்கு மாற்றிவிட்டேன்.

1915இல் புகார் கொடுத்த பிறகு இறக்குமதியாளரிடமிருந்தே மெயில் வந்தது. கேமராவை அனுப்புங்கள், சாக்கெட்டை மாற்றித் தருகிறோம், முடியாவிட்டால் வேறு செட் தருகிறோம் என்கிறார்கள். கூரியர் செலவு அவர்களுடையது. பேட்டரியோடு முழுசாக அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? கொடைக்கு முன்னால் அனுப்பவா, பின்னால் அனுப்பவா?

---

லேபிளைப்பார்:

"முடியாவிட்டால் வேறு செட்" என்பதற்கு ஒரு கால வரம்பு கேட்டு மெயிலில் வாங்குங்கள். வாரண்டி முடியும் தேதிக்கு முன்பே புகார் பதிவாகிவிட்டது என்பதையும் அதே மெயிலில் புகார் எண்ணோடு எழுதிவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் சில வாரம் கழித்து அனுப்பினாலும் "வாரண்டி முடிந்துவிட்டது" என்று அவர்கள் சொல்ல முடியாது. 1915 புகாரை வேலை முடியும்வரை முடித்துவைக்கச் சம்மதிக்காதீர்கள். "தீர்ந்ததா" என்று குறுஞ்செய்தி வரும், செட் கைக்கு வந்த பிறகே ஆம் என்று சொல்லுங்கள்.

---

பழுதுநீக்கி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கொடை முடிந்த பிறகு அனுப்புங்கள். வெளிச் சார்ஜர் இருப்பதால் அதுவரை சாக்கெட்டைத் தொடாமல் ஓட்டிவிடலாம். உப்பின பேட்டரியைக் கூரியரில் போடவே கூடாது, வண்டியில் அழுந்தினால் தீப்பிடிக்கும். அதைக் கண்ணாடி மேல் வைத்துப் பக்கவாட்டில் ஒரு ஃபோட்டோ எடுத்து மெயிலில் அனுப்பி, "பேட்டரி உப்பியிருப்பதால் அனுப்பவில்லை, புதியது தர வேண்டும்" என்று எழுதுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022 பேட்டரிக் கழிவு விதிகளில் இறக்குமதியாளருக்கும் உண்டு, எங்கே கொடுக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். புது பேட்டரிகளையும் கார்டையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். செட்டின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும், ஸ்க்ரூ சீல் கிழியாமல் இருப்பதையும் படம் எடுத்துவிட்டு, பெட்டியை ஒட்டுவதை ஒரு சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் வயரைச் செருகி, கையை விட்டு விளக்கு நிற்கிறதா பாருங்கள். வேறு செட் அனுப்பினால் அதிலும் என்பி-40தானா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், வாங்கின பேட்டரி வீணாகக் கூடாது.